நோய்க்கு முந்திக்கொண்ட பப்பாளி

தாவர உயிரித்தொழில்நுட்பம் என்றதும் பெரும்பாலோருக்குப் பன்னாட்டு விதை நிறுவனங்களும், அவை விற்கும் பருத்தி, மக்காச்சோளம், சோயா விதைகளும், அவற்றைச் சுற்றி ஓயாமல் நடக்கும் வழக்குகளுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் இத்துறையின் வரலாற்றில், அரசுப் பணத்தில் இயங்கிய ஒரு சிறு ஆராய்ச்சிக் குழு, எந்தப் பெரிய நிறுவனமும் இலாபம் கருதித் திரும்பிப் பார்க்காத ஒரு பழப்பயிரை எடுத்துக்கொண்டு, அதற்கு வைரஸ் எதிர்ப்புத் தன்மையை ஊட்டி, அந்த விதையை உழவர்களின் கையில் விலையில்லாமல் கொடுத்த நிகழ்வும் உண்டு. அந்தப் பயிர் பப்பாளி. அது நடந்த இடம் பசிபிக் பெருங்கடலின் நடுவிலுள்ள ஹவாய். அந்தக் குழுவைத் தலைமையேற்று நடத்தியவர் டென்னிஸ் கொன்சால்வஸ் என்னும் தாவர நோயியலாளர். மரபணு மாற்றப் பயிர்களை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் ஒருசேர எடுத்துக்காட்டும் பெயராக அவருடைய பெயர் அமைந்துவிட்டதால், அவர் உண்மையில் என்ன செய்தார் என்பதை நிதானமாகப் பார்ப்பது பயனுடையது.

ஹவாய்த் தீவுக் கூட்டத்தின் மிகப் பெரிய தீவில், கோஹாலா என்னும் வட்டாரத்தில், கரும்புத் தோட்டச் சூழலில் வளர்ந்த கொன்சால்வஸ், ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் 1965இல் தோட்டக்கலையில் இளநிலைப் பட்டமும் 1968இல் தாவர நோயியலில் முதுநிலைப் பட்டமும் பெற்று, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 1972இல் முனைவர் பட்டத்தை முடித்தார். அவருடைய தொடக்க கால வழிகாட்டியான எடுவார்டோ த்ருஹியோ, சோதனைக் குழாயோடு நின்றுவிடும் விஞ்ஞானியாக இராமல் மக்களுக்குப் பயன்படும் வேலையைச் செய்யுமாறு சொன்னதைக் கொன்சால்வஸ் பிற்காலத்தில் பல முறை நினைவுகூர்ந்திருக்கிறார். புளோரிடாவில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின் 1977இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜெனீவா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். இந்த ஜெனீவா சுவிட்சர்லாந்தில் இருப்பதன்று, நியூயார்க் மாநிலத்தின் பனி கொட்டும் சிற்றூர்; பப்பாளி அங்கே கண்ணாடிக் கூடாரத்துக்குள்ளன்றி வளராது. ஹவாயின் பப்பாளியைக் காத்த ஆராய்ச்சியின் பெரும்பகுதி அவ்வளவு தொலைவில் நடந்தது என்பது இந்த வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அவர் எதிர்கொண்ட நோயின் இயல்பைத் தெரிந்துகொண்டால்தான் பிற செய்திகள் விளங்கும். பப்பாளி வளையப்புள்ளி வைரஸ் எனப்படும் இந்த நச்சுயிரி, ஆர்.என்.ஏ. என்னும் மரபுப் பொருளின் ஒற்றை இழையும், அந்த இழையைப் போர்த்தி நிற்கும் உறைப்புரதமும் மட்டுமே கொண்ட மிக எளிய அமைப்புடையது. தாக்கப்பட்ட மரத்தின் கொழுந்து இலைகள் மஞ்சள் பாய்ந்து, சுருங்கி, சில வேளைகளில் நூல் போல ஒடுங்கிவிடும். இலைக்காம்பிலும் தண்டின் மேற்பகுதியிலும் எண்ணெய் தடவினாற்போன்ற கரும்பச்சைக் கோடுகள் தோன்றும். காயின் தோலில் வளையம் வளையமாகப் புள்ளிகள் விழும். காய்க்கும் பழத்திலும் இனிப்புக் குறைந்துவிடும். இளங்கன்றாக இருக்கும்போதே நோய் கண்ட மரம் காய்ப்புக்கே வருவதில்லை. இதைப் பரப்புவது அசுவினி. இந்தப் பூச்சி பப்பாளியில் குடியிருந்து பெருகுவதுகூட இல்லை. பறக்கும் வழியில் ஒரு மரத்தில் அமர்ந்து, ஊசி போன்ற வாயுறுப்பால் இலையைச் சில நொடிகள் குத்திச் சுவைத்துப் பார்த்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடும். அந்தச் சில நொடிகளே நோய் ஒட்டிக்கொள்ளப் போதும் என்பதால், மருந்தடித்து அசுவினியைக் கொன்றாலும், அது சாவதற்கு முன்பே நோயைக் கொடுத்து முடித்திருக்கும். பூச்சிக்கொல்லியால் இந்த நோய் அடங்காததற்குக் காரணம் இதுதான்.

ஹவாயின் ஒஆஹு தீவில் 1940களில் இந்நோய் கண்டறியப்பட்டது. அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் அங்கே வணிக அளவிலான பப்பாளிச் சாகுபடி கட்டுப்படியாகாமல் போகவே, உழவர்கள் பெரிய தீவின் பூனா வட்டாரத்துக்கு இடம்பெயர்ந்தனர். (பெயர் ஒன்றுபோல் ஒலித்தாலும் மராட்டியத்துப் புனேக்கும் இதற்கும் தொடர்பில்லை.) பூனாவில் நிலம் என்று சொல்லத்தக்க மண்ணே குறைவு, எரிமலை கக்கி இறுகிய கரும்பாறையை எந்திரத்தால் உடைத்துப் பரப்பி, அந்தக் கற்களின் இடுக்கில் விதையை இடுகிறார்கள். மழை மிகுதி, நீர் தேங்காத தரை, வெயில் எல்லாம் சேர்ந்து பப்பாளிக்கு ஏற்ற இடமாக அது அமைந்துவிட்டது. அங்கே உழவர் கைக்கொண்ட கப்போஹோ என்னும் மஞ்சள் சதை இரகம், ஒருவர் ஒரே வேளையில் தின்று முடிக்கத்தக்க அளவில் சிறியது, கப்பல் பயணத்தைத் தாங்குவது. 1990களின் தொடக்கத்தில் மாநிலத்தின் பப்பாளியில் 95 விழுக்காடு பூனாவிலேயே விளைந்தது. அதாவது மொத்தத் தொழிலும் ஒரே வட்டாரத்தில், ஏறத்தாழ ஒரே இரகத்தில் குவிந்துகிடந்தது.

1978இல் ஹவாய்க்கு வந்த கொன்சால்வஸ், பூனாவிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஹீலோ நகரத்தில் வீட்டுத் தோட்டத்து மரங்களில் நோய் இருப்பதைக் கண்டார். அரசின் வேளாண் துறை ஆட்களை அனுப்பி நோய்கண்ட மரங்களைத் தேடித்தேடி வெட்டிக்கொண்டிருந்ததால் பூனா அதுவரை தப்பியிருந்தது. இந்த ஏற்பாடு என்றைக்காவது உடையும் என்றும், உடைந்த பிறகு ஆராயத் தொடங்கினால் காலம் போதாது என்றும் அவர் கணித்தார். அவருடைய பணி வாழ்வில் பின்னால் வந்த மரபணு வேலையைக் காட்டிலும் இந்தக் கணிப்பே பெரிது என்று தோன்றுகிறது; ஏனெனில் நோய் இல்லாத ஒரு வட்டாரத்துக்காக ஆராய்ச்சி செய்யப் பணமும் ஆளும் கேட்பது எந்த நாட்டிலும் எளிதன்று.

முதலில் அவர் கையாண்டது மரபணு மாற்றமே இல்லை. வீரியம் குறைந்த வைரஸை ஒரு செடிக்குள் முன்கூட்டியே செலுத்திவிட்டால், அதே இனத்தைச் சேர்ந்த கொடிய வைரஸ் பின்னர் வந்தாலும் அந்தச் செடியைப் பெரிதாகப் பாதிக்காது. அம்மைப்பால் குத்துவதை ஒத்த இம்முறைக்குக் குறுக்குப் பாதுகாப்பு என்று பெயர். கொன்சால்வஸிடம் ஆராய்ச்சி மாணவராகத் தைவானிலிருந்து வந்திருந்த ஷி-தோங் யே, ஹவாய் வைரஸை நைட்ரஸ் அமிலத்தால் திடீர் மாற்றத்துக்கு உட்படுத்தி, எச்.ஏ. 5-1 என்னும் சாது வகையைப் பிரித்தெடுத்தார். தைவானிலும் ஹவாயிலும் வயலில் சோதித்தபோது ஓரளவு பலன் கிட்டியது. ஆனால் ஒவ்வொரு கன்றுக்கும் கையால் வைரஸ் ஏற்ற வேண்டும். சில இரகங்களில் அந்தச் சாது வகையே நோய்க்குறியைக் காட்டியது. நோயில்லாத தோட்டத்துக்குள் தாமே நோயைக் கொண்டுபோக எந்த உழவருக்கும் மனம் வராது. அம்முயற்சி அங்கே நின்றாலும் வீணாகவில்லை, ஏனெனில் பின்னர் பப்பாளிக்குள் செலுத்தப்பட்ட மரபணு இந்த எச்.ஏ. 5-1 வகையிலிருந்துதான் எடுக்கப்பட்டது.

1980களின் நடுவில் புதிய கருத்தொன்று எழுந்தது. நோய்க்கிருமியின் ஏதேனும் ஒரு மரபணுவைச் செடிக்குள்ளேயே வைத்துவிட்டால், அக்கிருமியை எதிர்க்கும் ஆற்றலைச் செடி பெறக்கூடும் என்று ஜான் சான்ஃபோர்டும் அவருடைய கூட்டாளியும் 1985இல் முன்மொழிந்தனர். மறு ஆண்டே, புகையிலைத் தேமல் வைரஸின் உறைப்புரத மரபணுவைத் தாங்கிய புகையிலைச் செடிகள் அந்த நோயைத் தாங்கி நின்றதை ரோஜர் பீச்சியின் குழு மெய்ப்பித்தது. சான்ஃபோர்டு பணியாற்றியதும் அதே ஜெனீவா வளாகத்தில்தான். நுண்ணிய உலோகத் துகள்களின் மேல் டி.என்.ஏ.வைப் பூசி, அவற்றை மிகுந்த வேகத்தில் செடியின் செல்களுக்குள் சுடும் மரபணுத் துப்பாக்கியையும் அவரே சக ஆய்வாளர்களோடு சேர்ந்து உருவாக்கியிருந்தார். அதன் முதல் வடிவம் உண்மையான துப்பாக்கித் தோட்டாவின் வெடிமருந்தால் இயங்கியது.

கொன்சால்வஸ் திரட்டிய குழு சிறியது. தொடக்க நிதியும் சில பத்தாயிரம் டாலர் அளவில்தான் இருந்தது. அப்ஜான் நிறுவனத்தைச் சேர்ந்த ஜெரி ஸ்லைட்டம் உறைப்புரத மரபணுவைப் பிரித்தெடுத்து ஒழுங்குபடுத்தினார். ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் மான்ஷார்ட் பயிர்ப் பெருக்கத்தைக் கவனித்தார். மான்ஷார்ட்டின் மாணவி மவ்ரீன் ஃபிட்ச் திசு வளர்ப்பையும் மரபணு செலுத்துவதையும் ஏற்றார். இவற்றுள் மிகக் கடினமான பங்கு ஃபிட்சுடையது. முதலில் இலைத் துண்டுகளைக் கொண்டு செய்த முயற்சிகள் தோற்றன. மரபணு உள்ளே போனாலும் அந்தத் துண்டிலிருந்து முழுச் செடி எழவில்லை. பிறகு முதிராத காயிலிருந்து எடுத்த இளங்கருக்களை ஊடகத்தில் வளர்த்து, அவற்றை மரபணுத் துப்பாக்கியால் சுட்டு, தப்பிப் பிழைத்தவற்றிலிருந்து மரபணு மாறிய செடிகளை எழுப்பினார். அவற்றுள் உறைப்புரத மரபணு ஏறியவை இரண்டு கைகளின் விரல்களுக்குள் அடங்கும். 1991இல் கண்ணாடிக் கூடாரத்தில் வைரஸ் ஏற்றிப் பார்த்தபோது, 55-1 என்று எண்ணிடப்பட்ட ஒரே ஒரு வழித்தோன்றல் நோய்க்குறி எதுவும் இல்லாமல் நின்றது.

அந்தச் செடி பெண் மரமாக வாய்த்தது. பப்பாளியில் ஆண், பெண், இருபால் என மூவகை மரங்கள் உண்டு என்பதும், பெண் மரம் தனியே விதை கட்டாது என்பதும் நம் ஊர் உழவர்கள் அறிந்தவையே. ஆகவே இருபால் மரத்தின் மகரந்தத்தைக் கொண்டு அதைக் கலப்புச் செய்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தே நிலையான இரகத்தைப் பெற வேண்டியிருந்தது. ஆனால் அதற்காகக் காத்திராமல், அந்தச் செடியிலிருந்தே திசு வளர்ப்பால் பெருக்கிய கன்றுகளை 1992 ஏப்ரலில் ஒஆஹு தீவில், நோய் பரவிய இடத்தில் நட்டுச் சோதனை தொடங்கினார்கள். அடுத்த மாதமே, 1992 மே மாதத்தில், பூனாவின் பப்பாளித் தோட்டங்களுக்குள் வளையப்புள்ளி நோய் நுழைந்துவிட்டது கண்டறியப்பட்டது. பதினான்கு ஆண்டுகளாக அவர் அஞ்சியது நடந்தபோது, அதற்கான விடை வயலில் ஒரு மாதக் கன்றாக நின்றுகொண்டிருந்தது.

வேளாண் துறை மரங்களை வெட்டி நோயைத் தடுக்கப் பார்த்தது. இரண்டரை ஆண்டுக்குள் அந்த முயற்சியைக் கைவிட நேர்ந்தது. 1992இல் 5 கோடியே 30 இலட்சம் பவுண்டாக, அதாவது ஏறத்தாழ 24,000 டன்னாக இருந்த பூனாவின் விளைச்சல், 1998இல் அதில் பாதியாகச் சுருங்கியது. வெட்டாமல் விடப்பட்ட தோட்டங்கள் நோயின் கிடங்காகி, பக்கத்துத் தோட்டங்களையும் கெடுத்தன.

இதற்கிடையில் இரண்டு இரகங்கள் உருவாயின. 55-1இலிருந்து தேர்ந்தெடுத்த, புதிய மரபணுவை இரட்டைப்படியாகத் தாங்கிய சிவப்புச் சதைப் பப்பாளிக்குச் சன்அப் என்று பெயரிட்டனர். ஆனால் பூனா உழவர்களும் அவர்களுடைய வாடிக்கையாளர்களும் பழகியிருந்தது மஞ்சள் சதைக்கு. சன்அப்பைக் கப்போஹோவோடு மான்ஷார்ட் கலந்தபோது, பப்பாளியில் மஞ்சள் நிறமே ஓங்கு பண்பு என்பதால், பிறந்த கலப்பினம் மஞ்சளாக அமைந்தது, நோயெதிர்ப்பும் இருந்தது. அதுவே ரெயின்போ. 1995 அக்டோபரில் பூனாவின் கப்போஹோ என்னும் இடத்தில், ஹவாய்ப் பல்கலைக்கழக நோயியலாளர் ஸ்டீவ் ஃபெரெய்ராவின் பொறுப்பில், நோயால் பாழான நிலத்தின் நடுவே இவற்றை நட்டார்கள். ஓராண்டுக்குள் சாதாரண மரங்கள் அனைத்தும் நோய்ப்பட, ரெயின்போ மரங்கள் பசுமையாக நின்றன. வானிலிருந்து எடுத்த அந்த வயலின் ஒளிப்படத்தில், மஞ்சளித்துக் குறுகிய மரங்களின் நடுவே கரும்பச்சைச் சதுரம் ஒன்று தெரிகிறது. எந்தப் புள்ளிவிவரத்தையும்விட அந்தப் படமே உழவர்களை நம்பவைத்தது. எண்ணும் சளைத்ததன்று. ரெயின்போ ஏக்கருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 56 டன் விற்பனைக்குரிய பழம் தந்த இடத்தில், சாதாரண இரகம் இரண்டே கால் டன் அளவில் நின்றது.

இந்த எதிர்ப்பு எப்படி வேலை செய்கிறது என்பது, செய்து முடித்த பிறகே முழுமையாக விளங்கியது. செடி தயாரிக்கும் உறைப்புரதம்தான் வைரஸைத் தடுக்கிறது என்று தொடக்கத்தில் கருதப்பட்டது. பின்னர், தன்னுள் தேவையின்றிப் பெருகும் ஆர்.என்.ஏ.வை அடையாளம் கண்டு, அதே எழுத்து வரிசை கொண்ட ஆர்.என்.ஏ. எங்கிருந்து வந்தாலும் துண்டு துண்டாக நறுக்கிவிடும் பாதுகாப்பு ஏற்பாடு செடியின் செல்லுக்குள்ளேயே இருப்பது தெரியவந்தது. விருந்தாளி போல உள்ளே வைக்கப்பட்ட வைரஸ் மரபணுவைப் பார்த்துப் பழகிய செல், அதே சாயலுடைய உண்மையான வைரஸ் நுழைந்ததும் அதன் ஆர்.என்.ஏ.வை அழித்துவிடுகிறது. ஆர்.என்.ஏ. அமைதிப்படுத்தல் எனப்படும் இவ்வகை நிகழ்வை விலங்குகளில் விளக்கியதற்காகவே ஆண்ட்ரூ ஃபயருக்கும் கிரெய்க் மெல்லோவுக்கும் 2006இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த விளக்கத்தில் பொதிந்துள்ள ஓர் எல்லையை வாசகர் மனத்தில் இருத்த வேண்டும்: சாயல் ஒத்திருந்தால்தான் எதிர்ப்பு. ஹவாய் வைரஸின் மரபணுவைத் தாங்கிய ரெயின்போ, வேறு நாடுகளின் வைரஸ் வகைகள் பலவற்றுக்கு எளிதில் ஆட்படுகிறது.

ஆய்வகத்திலும் வயலிலும் வென்ற பல பயிர்கள் கோப்புகளில் மடிந்திருக்கின்றன. கொன்சால்வஸின் குழு, பயிருக்கான ஒப்புதலைத் தானே கேட்டு அலைந்தது. அமெரிக்க வேளாண் துறை 1996இலும், சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் உணவு மருந்து நிர்வாகமும் 1997இலும் தடையை நீக்கின. அதைவிடச் சிக்கலாக இருந்தது காப்புரிமை. பயன்படுத்திய துணை மரபணுக்கள், தொழில்நுட்ப உத்திகள் என ஒவ்வொன்றுக்கும் மான்சாண்டோ உள்ளிட்ட தனித்தனி உரிமையாளர்கள் இருந்தனர்; ஆய்வுக்கு எடுத்தாளத் தடை சொல்லாதவர்கள் விற்பனைக்கு வரும்போது உரிமம் கேட்டனர். உழவர்களின் அமைப்பான பப்பாளி நிர்வாகக் குழு முன்னின்று பேச்சு நடத்தி, 1998 ஏப்ரலுக்குள் உரிமங்களைப் பெற்றது. மே மாதத் தொடக்கத்தில் விதை வழங்கல் ஆரம்பித்தது. விளக்கப் படம் பார்த்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட உழவர்களுக்கு விதை விலையின்றிக் கிடைத்தது. நோய் நுழைந்து ஆறே ஆண்டுகளில் தீர்வு கைக்கு வந்தது. மரபணு மாற்றப் பயிர்களின் வரலாற்றில் இந்த வேகம் அரிது.

விளைச்சல் மீண்டும் ஏறத் தொடங்கியது. 2002இல் கொன்சால்வஸ் கார்னெலை விட்டு, ஹீலோவில் அமெரிக்க வேளாண் துறை நடத்திய பசிபிக் பகுதி ஆராய்ச்சி மையத்தின் இயக்குநராகத் தாயகம் திரும்பினார். ஏறத்தாழ பத்தாண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார். அவரும் அவருடைய குழுவினரும் 2002இல் ஹம்போல்ட் விருதைப் பெற்றனர். பப்பாளியின் மரபணுத் தொகுதியின் வரைவு 2008இல் வெளியானபோது, அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட இரகம் சன்அப்பாக இருந்தது.

ஆனால் ஹவாயில் எல்லாரும் மகிழ்ந்துவிடவில்லை. மரபணு மாற்றம் பெறாத பப்பாளியை மட்டுமே ஜப்பான் வாங்கியதால், உழவர்கள் இரு வகைகளையும் பிரித்து வளர்க்க வேண்டியதாயிற்று. அதற்கு உதவியது, ஆய்வகக் காலத்தில் அடையாளத்துக்காகச் சேர்த்த ஒரு துணை மரபணு: அதைத் தாங்கிய திசுவை உரிய கரைசலில் இட்டால் நீலநிறம் எழும், இல்லாததில் எழாது. 2011 டிசம்பரில்தான் ஜப்பான் ரெயின்போவுக்குக் கதவு திறந்தது. மகரந்தம் காற்றிலும் பூச்சியிலும் பரவித் தங்கள் மரங்களின் விதையில் கலப்பதாக இயற்கை வேளாண்மை செய்வோர் முறையிட்டனர். அந்த முறையீட்டில் நியாயம் உண்டு. அதை வெறும் அச்சம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் 2010இலும் 2011இலும் பூனாவில் இரவோடிரவாக ஆயிரக்கணக்கான பப்பாளி மரங்களை வெட்டிச் சாய்த்தவர்களின் செயலுக்கு எந்த நியாயமும் இல்லை. 2013இல் மரபணு மாற்றப் பயிர்களுக்குத் தடை விதித்த பெரிய தீவின் உள்ளாட்சி மன்றம்கூட, பப்பாளிக்கு விலக்கு அளித்தே சட்டம் இயற்றியது. அந்தச் சட்டமும் பின்னர் நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

பிற நாடுகளுக்கும் இதைக் கொண்டு செல்ல அவர் எடுத்த முயற்சிகள் பெரும்பாலும் பலிக்கவில்லை. பிரேசில், ஜமைக்கா, வெனிசுவேலா, தாய்லாந்து ஆகிய நாடுகளின் ஆய்வாளர்கள் அவருடைய ஆய்வகத்துக்கு வந்து, தத்தம் நாட்டு வைரஸின் மரபணுவைக் கொண்டே தத்தம் பப்பாளியை உருவாக்கினர். தாய்லாந்தில் பயிர் வயற்சோதனை வரை வந்தும், 2004இல் எழுந்த எதிர்ப்பில் அரசே அதை அழித்தது. ஹவாயில் உழவர் அமைப்பும் பல்கலைக்கழகமும் அரசும் ஒரே பக்கம் நின்றன. வேறெங்கும் அந்தக் கூட்டு அமையவில்லை.

தமிழ்நாட்டுப் பப்பாளி உழவர்களுக்கும் இதே வளையப்புள்ளி நோய்தான் முதல் பகை. நாற்றை நைலான் வலைக்குள் வளர்ப்பது, தோட்டத்தைச் சுற்றி மக்காச்சோளத்தை வரப்புப் பயிராக நெருக்கி விதைப்பது, நோய்கண்ட மரத்தை உடனே பிடுங்கி அழிப்பது ஆகியவையே இன்றைக்கு அவர்களுக்குச் சொல்லப்படும் வழிகள். இவை நோயைத் தள்ளிப்போடுமேயன்றி நிறுத்துவதில்லை. இந்தியாவில் வணிகச் சாகுபடியில் உள்ள ஒரே மரபணு மாற்றப் பயிர் பருத்தி. நாளையே சட்டத் தடைகள் விலகினாலும் ஹவாயின் ரெயின்போ விதையைக் கொண்டுவந்து இங்கே நட்டுப் பயனில்லை. இந்திய வைரஸ் வகைகள் ஹவாய் வகையிலிருந்து வேறுபட்டவை, தம்முள்ளும் பலவாகப் பிரிந்தவை. இங்குள்ள நோய்க்கான பப்பாளியை இங்குள்ள வைரஸைக் கொண்டு இங்குள்ளவர்களே உருவாக்கியாக வேண்டும்.